வெயில் செய்தி மே மாதத்தோடு முடிவதில்லை

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சியைக் காண வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தனர். ஏற்பாடுகளில் குறையா, பொறுப்பு யாருடையது என்று அரசியல் கட்சிகள் மோதிக்கொண்டன. ஊடகங்களும் அந்தச் சண்டையின் பின்னாலேயே ஓடின. ஏற்பாடுகளைக் கேள்வி கேட்டது சரிதான். ஆனால், வெயில் நூறு டிகிரியைத் தொடாத ஓர் அக்டோபர் நாளில் மனித உடல் ஏன் தாங்காமல் போனது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

நம் பத்திரிகைகளுக்கு வெயில் என்றால் மே மாதம். கத்திரி தொடங்கும் தேதி, 'சதமடித்தது வெயில்' என்ற தலைப்பு, ஊர்வாரியாக டிகிரிப் பட்டியல், தர்பூசணிக் கடைப் படம். கத்திரி முடிந்தால் செய்தியும் முடிந்தது. அந்தப் பட்டியலில் உள்ள அளவு, வானிலை நிலையத்தின் காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் எடுக்கப்பட்டது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் பெண்ணுக்கோ மேலே சூரியன், கீழே கண்ணைக் கூசவைக்கும் வெண்மை, சுற்றிலும் கடற்காற்றின் ஈரம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். ஈரப்பதம் மிகுந்தால் அது காயாது. இரவிலும் வெக்கை தணியாவிட்டால் மறுநாள் வேலைக்கு உடல் தேறியிருக்காது. ஈரப்பதத்தையும் இரவு வெப்பநிலையையும் விட்டுவிட்டு எழுதப்படும் வெயில் செய்தி அரைச் செய்திதான்.

வெயிலின் காரணத்தையும் செய்தி சொல்ல வேண்டும். 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலை நேர்வதற்கான வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் சுமார் 30 மடங்கு கூட்டியிருந்தது என்று விஞ்ஞானிகள் சில வாரங்களிலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். இத்தகைய முடிவுகள் அறிவியல் பக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. மாவட்டச் செய்தியாளரின் கைக்கும் போய்ச்சேர வேண்டும்.

மெரினா சாவுகள் நேர்ந்த அதே 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. ஆனால், கட்டடப் பணியில் சுருண்டு விழுந்து இறந்தவரின் சான்றிதழில் வெறுமனே 'மாரடைப்பு' என்று எழுதப்பட்டால், அவர் வெயிலுக்குப் பலியானவர்கள் கணக்கிலேயே வரமாட்டார். பிரேதப் பரிசோதனை நடந்ததா, எத்தனை மணி வரை வேலை வாங்கினார்கள், ஒதுங்க நிழலும் குடிக்கத் தண்ணீரும் இருந்தனவா என்று அந்தச் சாவுச் செய்தியை எடுக்கும் நிருபர்தான் கேட்க வேண்டும். மூன்று வரியில் முடித்துவிட்டு அடுத்த செய்திக்கு ஓடும் நெருக்கடியில் அவரை வைத்திருப்பது செய்தி ஆசிரியர்கள்தான். அவருக்குப் பயிற்சியும், ஒரு சாவைப் பின்தொடர்ந்து எழுத அவகாசமும் பக்கத்தில் இடமும் அவர்களே தர வேண்டும். அடுத்த கோடைக்கு முன்பே தர வேண்டும்.