இறை கொள்ளும் முறை

அரசு நடைபெறுதற்குப் பொருள் வேண்டும். அப்பொருள் குடிகளிடமிருந்தே வருதல் வேண்டும். ஆதலின் வரி என்பது தீமையன்று. அதனைத் தண்டும் முறையிலேயே நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன. வயலிற் புகுந்த யானை உண்பதினும் மிதித்து அழிப்பதே மிகுதி என்னும் உண்மையைப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு எடுத்துரைத்தது இது கருதியே.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு முதலிய ஊர்கள் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையின் வரலாறு இதற்குச் சான்றாகும். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1763-இல் இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கம்பெனியோ 1780 வரை அதனை அந்நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. குத்தகை கொண்டவன் பேசிய தொகையைச் செலுத்திவிட்டு, மிச்சத்தைத் தனதாக்கிக் கொள்வான். நாளை வேறொருவன் கைக்குப் போகக்கூடிய நிலத்தில், இன்று ஏரிக்கரையை உயர்த்த அவன் பொருள் செலவிடுவானா? ஏரியை நம்பி உழும் நாட்டிற்கு இதனினும் பெருங்கேடு உண்டோ?

பிரான்சு நாட்டிலும் இத்தகைய முறை நிலவியது. அரசனுக்கு முன்பணம் தந்த செல்வர் சிலர், உப்பு வரி முதலியவற்றைத் தாமே தண்டி ஊதியம் அடைந்தனர். குடிகளின் வெறுப்பு முற்றியது. புரட்சிக் காலத்தில், 1794 மே 8-இல், அவர்களுள் 28 பேர் கொலைத் தண்டனைக்கு உள்ளாயினர். வேதியியல் மேதை லவாசியரும் அவர்களுள் ஒருவர். அவருடைய பேரறிவும் அவரைக் காக்கவில்லை.

அதே 1794-இல் செங்கற்பட்டுச் சீமைக்கு லயனல் பிளேசு என்பார் கலெக்டராக வந்தார். கலெக்டர் என்னும் சொல்லுக்கே தண்டுபவர் என்பதுதான் பொருள். அவர் மிராசுதாரர்களோடு வரி குறித்துப் பூசலிட்டதும் உண்டு. எனினும் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டமையால் இன்றளவும் நினைக்கப்படுகிறார். கொண்டதற்கு ஈடாகக் கொடுத்ததையே மக்கள் மறவாதிருக்கின்றனர்.

குத்தகைதாரர் நீங்கி அரசின் அலுவலரே தண்டினால் கொடுமை ஒழியுமோ எனின், அதுவும் இல்லை. வரி தண்டும் பொருட்டு உழவரை வளைத்துக் கட்டும் அண்ணந்தாளும், விரல்களை நெரிக்கும் கிட்டியும் கையாளப்பட்டதைச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855-இல் வெளிப்படுத்தியது. முறையிட வழியற்ற குடிகளுக்குக் குத்தகைதாரனும் அலுவலனும் ஒன்றே.

மாணவர்களே! இன்று வடக்குப்பட்டைச் சூழ ஆலைகள் எழுந்துள்ளன. கடையில் ஒரு சோப்பு வாங்கும் தொழிலாளியும் வரி செலுத்துகிறான். செலுத்துவது நம் கடமை. அது ஏரியாகவும் பள்ளியாகவும் திரும்பி வருகின்றதா என்று கேட்பதும் நம் கடமையே. அக்கேள்வி உள்ள நாட்டில்தான் யானை வயலைவிட்டு விலகி நிற்கும்.