மெகாபிக்சல் கூடியது, புள்ளி எங்கே போனது?

50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல், 200 மெகாபிக்சல். கைப்பேசிக் கடைகளின் விளம்பரங்களில் இந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் கடைத்தெருவிலும் இதே கதைதான். பிடிபிடிஎன் கடன் பணம் கணக்கில் விழுந்த வாரத்திலேயே அந்த எண்ணை நம்பிக் கைப்பேசியை மாற்றும் நண்பர்கள் நம் எல்லாருக்கும் உண்டு. வாங்கட்டும். ஆனால், அதில் எடுத்த படம் எங்கே போய்ச் சேருகிறது? பெரும்பாலும் குடும்பப் புலனக் குழுவுக்கு. போய்ச் சேருவதற்குள் அதன் பெரும்பகுதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

புதுக் கைப்பேசி வாங்குவதற்கு முன்னால், இப்போது கையில் இருப்பதைக் கொண்டு நம் வீட்டுப் பழைய தமிழ்த் தாள்களைப் படியெடுத்து, அந்தப் படங்களைச் சுருக்காமல் காப்பாற்ற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு வேண்டிய கேமரா நம்மில் பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

2000ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் ஜே-ஃபோன் வலையமைப்பில் வந்த ஷார்ப் கைப்பேசியின் கேமராவில் 1 லட்சத்து 10 ஆயிரம் பிக்சல்களே இருந்தன. 2002இல் நோக்கியா 7650 அதை 3 லட்சமாக்கியது. 2007இல் வந்த நோக்கியா என்95 கைப்பேசியில் 50 லட்சம், அதாவது 5 மெகாபிக்சல். 2022இல் மோட்டோரோலாவும், அடுத்த ஆண்டு சாம்சங்கும் 200 மெகாபிக்சலைத் தொட்டன. கேமரா இப்படி ஓட, படத்தைச் சுமக்க வேண்டிய வலையமைப்பு பின்னால் நடந்து வந்தது. எம்.எம்.எஸ் காலத்தில் ஒரு படத்துக்குச் சில நூறு கிலோபைட்டுக்கு மேல் இடம் கிடையாது. படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். அன்று அது நியாயம். மலேசியாவில் 3ஜி 2005இல் வந்தது, 2021 இறுதியில் அதை மூடியும் விட்டார்கள். அதே டிசம்பரில் 5ஜி தொடங்கியது. பாதை அகலமாகிவிட்டது. படத்தைச் சுருக்கி அனுப்பும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மெகாபிக்சல் கைப்பேசி, நாமாக அமைப்பை மாற்றாவிட்டால், பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படத்தைத்தான் சேமிக்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் இது நல்லதும்கூட. அந்தப் படத்தைப் புலனத்தில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால், அதன் நீளப் பக்கம் ஏறக்குறைய 1,600 பிக்சலாகக் குறைகிறது. 12 மெகாபிக்சல் 2 மெகாபிக்சலுக்கும் கீழே போய்விட்டது. ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. 2023 ஆகஸ்டில் உயர்தரத்தில் அனுப்பும் வசதி வந்தது. அதை நாம்தான் தேடி அழுத்த வேண்டும். எத்தனை பேர் அழுத்துகிறோம்?

பிறந்தநாள் படத்துக்கு இதனால் நட்டமில்லை. பாட்டியின் முகம் சுருங்கினாலும் பாட்டியாகத்தான் தெரியும். தமிழ் எழுத்து அப்படியன்று. ஏ4 தாளைத் தெளிவாகப் படியெடுக்க அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது வழக்கமான அளவு. ஒரு முழுத் தாளுக்கு அது 87 லட்சம் பிக்சல். சாதாரணக் கைப்பேசியின் 12 மெகாபிக்சலே போதும். அதே தாள் 1,600 பிக்சலாகச் சுருங்கிவிட்டால், ஒரு பிக்சல் தாளில் ஏறத்தாழ 0.19 மில்லிமீட்டர் ஆகிவிடும். கூர்மையான பேனாவால் பொடியெழுத்தில் வைத்த புள்ளி அதைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். சுருக்கும் மென்பொருள் அதைத் தூசு என்று எண்ணித் துடைத்துவிடும்.

புள்ளி போனால் ‘கல்’ ‘கல’வாகிவிடும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு, படம் மங்கினால் மணமும் மனமும் ஒன்றாகிவிடும். வாக்கியமாக இருந்தால் முன்பின் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம். ஆள்பெயரையும் ஊர்ப்பெயரையும் ஊகிக்க முடியுமா? பழைய நீல நிற வான்கடிதத்தின் ஓரத்தில் இருக்கும் கிராமத்தின் பெயர்தான், பல குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் தங்கள் வேர் எங்கே என்று காட்டும் ஒரே தடயம். அதில் ஓர் எழுத்து தவறினால் வேறு மாவட்டத்துக்குப் போய் நிற்போம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டு அரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதப்பட்ட கடிதங்களில் ‘லை’, ‘னை’, ‘றா’, ‘ணா’ எல்லாம் வேறு வடிவில் இருக்கும். தெளிவான படத்திலேயே நம் தலைமுறை அதைத் தடுமாறித்தான் படிக்கிறது.

இந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன? நூலகத்தில் இல்லை. அலமாரியின் மேல்தட்டில், பிஸ்கட் தகரத்தில், சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், தோட்டத்துக் கோயிலின் திருவிழாக் கணக்கு நோட்டு, தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அட்டை. செபராங் பிறையில் தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று வீடமைப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன; பத்து காவானைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அந்தத் தகரம்தான். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தமிழர்களில் இறந்தவர்களுக்கு இன்றும் முழுமையான பெயர்ப்பட்டியல் கிடையாது. ஒரு குடும்பத்தின் நோட்டில் இருக்கும் ஒரு வரி அந்தப் பட்டியலில் ஒரு பெயராகலாம்.

இலங்கைத் தமிழர்கள் இந்தப் பாடத்தைக் கடுமையாகக் கற்றார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக மின்வடிவில் சேர்த்துவருகிறது. அவர்கள் தொடங்கிய நாளில் கைப்பேசிக் கேமராவை நம்பி ஒரு பக்கத்தைக்கூடப் படியெடுத்திருக்க முடியாது. இன்று முடியும்.

ஆனால், ஓர் எச்சரிக்கை. புதிய கைப்பேசிகள் படத்தை எடுப்பதோடு நிற்பதில்லை, திருத்தியும் விடுகின்றன. 2023 மார்ச்சில், மங்கலாக்கப்பட்ட நிலாப் படத்தைச் சாம்சங் கைப்பேசியால் படமெடுத்த ஒருவர், மூலத்தில் இல்லாத பள்ளங்களும் நிழல்களும் தன் படத்தில் தெளிவாக வந்திருப்பதைக் காட்டினார். நிலாவை அடையாளம் கண்டு நுணுக்கங்களைக் கூட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதாக அந்நிறுவனமே விளக்கியது. நிலாவில் இதை ரசிக்கலாம். எழுத்தில் இது ஆபத்து. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் தாளை வருடும்போது 6 என்ற எண்ணை 8ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். காரணம், படத்தைச் சுருக்கும் முறை. தொலைந்த புள்ளியையாவது தொலைந்தது என்று அறியலாம். இயந்திரம் தானாக வைத்த புள்ளியை யார் கண்டுபிடிப்பது? எனவே, தாள்களைப் படமெடுக்கும்போது அழகூட்டும், மெருகூட்டும் அமைப்புகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். பளிச்சொளியும் வேண்டாம், சன்னல் வெளிச்சமே போதும். புலனத்தில் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், படம் சுருங்காது. அடையாள அட்டை எண் உள்ள தாளைக் குழுவில் போட வேண்டாம்.

தாளுக்குச் சொன்னது கல்லுக்கும் பொருந்தும். எங்கள் ஊரிலேயே அப்படி ஒரு கல் இருக்கிறது. புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் உள்ள செரோக் தோக்குன் பாறையில் 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி பழைய எழுத்துகளைக் கண்டார். 5 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என மதிப்பிடப்படுகின்றன. இதைத் தமிழ்க் கல்வெட்டு என்று புலனத்தில் பரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தமிழெழுத்து அன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த பல்லவ எழுத்து மரபோடு சேர்ந்தது. அந்தப் பெருமையே போதாதா என்ன? இந்த வட்டாரத்துக் கல்வெட்டுகளுக்கு லோ எடுத்த படிகள் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. அன்று ஒரு சில அதிகாரிகளால் மட்டுமே செய்ய முடிந்த வேலை அது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலைப் பெருவிழாவுக்கு அந்த வளாகத்துக்குள் வரும் கைப்பேசிகளை எண்ணி மாளாது. மெழுகுவர்த்தியையும் தங்களையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். தேய்ந்த கல்லெழுத்தை நேராக நின்று எடுத்தால் 200 மெகாபிக்சலிலும் வெறும் பாறைதான் தெரியும். அதற்கு வேண்டியது சாய்வான ஒளி. ஒருவர் படமெடுக்க, மற்றவர் தன் கைப்பேசி விளக்கைப் பாறைக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்தின் கோடுகள் எழும். விளக்கை நான்கு பக்கமும் மாற்றி, கைப்பேசியை அசைக்காமல் எடுக்க வேண்டும். சுண்ணக்கட்டியால் எழுத்தைத் தீட்டிப் பார்க்கவே கூடாது. கல்தானே, எங்கே போய்விடும் என்று நினைக்கவும் முடியாது. 2013இல் கெடா, சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி, அதாவது பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களில் ஒன்று, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது.

பள்ளி வரலாற்றுக் கழகங்கள் இதை ஓர் ஆண்டு வேலையாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் ஆண்டுதோறும் எடுத்து, கோப்பின் பெயரிலேயே நாளையும் இடத்தையும் எழுதிவைத்தால், எந்தக் கோடு எந்த ஆண்டில் மங்கியது என்று பின்னால் ஒப்பிடலாம். பெருவிழாக் கூட்டத்தில் நிதானமாகப் படமெடுக்க முடியாது. அது முடிந்த பிறகு, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, வளாகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு வாருங்கள்.