காணாக்கடி

உடலில் திடீரெனத் தடிப்புகள் எழுந்து அரிப்பெடுத்தால், "இவ்வூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கூறுவது வடக்கே குடியேறிய நம்மவர் வழக்கம். பின்பு கத்தரிக்காய், கருவாடு, முட்டை என ஒவ்வொன்றாக விலக்கிப் பத்தியத்தால் மெலிந்துபோன தாய்மாரையும் கண்டிருக்கிறோம்.

கடித்தது எதுவெனக் கண்ணிற் படாமையால் முன்னோர் இதனைக் காணாக்கடி என்றனர். 6 வாரங்களுக்கு மேல் இது நீடிக்குமாயின், பெரும்பாலும் குற்றம் தண்ணீரின்மீதும் இல்லை, உணவின்மீதும் இல்லை. நம் தோலிலுள்ள சில உயிரணுக்களே ஹிஸ்டமின் என்னும் பொருளைச் சொரிந்து தடிப்பை உண்டாக்குகின்றன. இது தொற்றுநோயன்று, தட்டையும் படுக்கையையும் பிரித்துவைத்தல் வேண்டா.

மருத்துவர் செட்டிரிசின் போன்ற மாத்திரையை நாள்தோறும் உண்ணச் சொன்னால், அரிப்பு இல்லாத நாளிலும் விடாது உண்க. அரிக்குமிடத்தைச் சொறியாமல் ஈரத்துணி இடுக. வெந்நீர்க் குளியலையும் இறுக்கமான உடையையும் தவிர்க்க. தலைவலிக்கென ஆஸ்பிரினைத் தாமே விழுங்கலாகாது. அது தடிப்பை மிகுவிக்கக்கூடும். நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு விரைக.

பலருக்குச் சில ஆண்டுகளில் இது தானே தணிந்துவிடும். அதுவரை வீண் பத்தியத்தால் உடலை வாட்டாது, வயிறார உண்டு வாழ்வோமாக.