வாயிலோனின் மரியாதை

கால்பந்துச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது 'கோல்கீப்பர்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். இத்தாலியர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு அவர் 'போர்த்தியரே'. அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கும் அதே சொல்தான். பழந்தமிழில் சொன்னால் வாயிலோன். திருட்டுப் போகாத நாட்களில் வாயிலோனை யாரும் நினைப்பதில்லை. போன அன்று முதலில் அவனைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

இந்த உத்தியோகத்தில் 1961 முதல் 1983 வரை இருந்தவர் டினோ ஸோஃப். 1942இல் இத்தாலியின் வடகிழக்கில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 14 வயதில் யுவென்டஸ், இன்டர் மிலான் இரண்டு கிளப்புகளும் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பின. பேரன் வளர வேண்டும் என்று பாட்டி தினம் எட்டு முட்டை சாப்பிடச் சொன்ன கதை இத்தாலியில் பிரசித்தம். முட்டையோ வயதோ, பையன் வளர்ந்தான். திருப்பி அனுப்பிய அதே யுவென்டஸ் 1972இல் அவரை வாங்கியது. அந்த ஆண்டு தொடங்கி 1974 உலகக் கோப்பை வரை சர்வதேசப் போட்டிகளில் 1142 நிமிடங்கள் அவர் ஒரு கோல்கூட விடவில்லை. அந்தக் கணக்கை முடித்துவைத்தவர் ஹைட்டியைச் சேர்ந்த எமானுவேல் சனோன்.

பிறகு வந்தது விசாரணை. 1978 உலகக் கோப்பையின் கடைசி இரண்டு ஆட்டங்களில் ஹாலந்தும் பிரேசிலும் இத்தாலிக்கு எதிராகத் தலா இரண்டு கோல் போட்டன. நான்குமே தூரத்திலிருந்து அடித்தவை. ஸோஃபுக்கு அப்போது வயது 36. பார்வை மங்கிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை. மறுபடி பயிற்சிக்குப் போனார்.

நான்கு வருடம் கழித்து ஸ்பெயினில் அவர்தான் கேப்டன். முதல் மூன்று ஆட்டங்களும் டிரா. பத்திரிகைகள் எழுதிய எழுத்தில் கொதித்துப்போன வீரர்கள் நிருபர்களுடன் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அணியின் சார்பில் கேப்டன் மட்டும் பேசுவார் என்று ஏற்பாடு. அணியிலேயே மிகக் குறைவாகப் பேசுகிறவர் செய்தித் தொடர்பாளரானார். நிருபர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

பிரேசிலுடனான ஆட்டம். இத்தாலி 3–2 என முன்னிலை. கடைசி நிமிடங்களில் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்தை ஸோஃப் பாய்ந்து கோட்டின் மேலேயே அமுக்கினார். பிரேசில்காரர்கள் கோல் என்று கை தூக்கினார்கள். நடுவர் அசையவில்லை. அந்த ஒரு பந்து உள்ளே போயிருந்தால் பிரேசில் அரையிறுதிக்குப் போயிருக்கும். ஆறு நாள் கழித்து, ஜூலை 11 அன்று மாட்ரிடில், 40 வயது ஸோஃப் கோப்பையைத் தூக்கினார். ஊர் திரும்பிய விமானத்தில் ஜனாதிபதி பெர்தினியும் பயிற்சியாளர் பேர்ஸோத்தும் இவரும் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கும் புகைப்படம் இத்தாலியர்களுக்கு இன்றும் குடும்பப் படம் மாதிரி.

பயிற்சியாளரான பிறகும் கதை மாறவில்லை. 1988இல் யுவென்டஸ் பொறுப்பை ஏற்று 1990இல் இத்தாலியக் கோப்பை, யூஇஎஃப்ஏ கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் வென்று கொடுத்தார். அந்தக் கோடையிலேயே அவர் இடத்துக்கு வேறொருவரை உட்காரவைத்தது நிர்வாகம். லாட்ஸியோவில் பயிற்சியாளர், பிறகு அதன் தலைவர் என்று இருந்தவரிடம் 1998இல் தேசிய அணி வந்து சேர்ந்தது.

யூரோ 2000. போட்டி தொடங்கும் முன்பே முதல் கோல்கீப்பர் பஃபோன் கையை முறித்துக்கொண்டார். மாற்றாக நின்ற டோல்டோ, ஆம்ஸ்டர்டாம் அரையிறுதியில் ஹாலந்தின் பெனால்டிகளைத் தடுத்தே அணியைக் காப்பாற்றினார். அன்று பத்துப் பேரோடுதான் பெரும்பகுதி ஆட்டமும். ரோட்டர்டாமில் ஜூலை 2 அன்று இறுதிப் போட்டியில் பிரான்சுக்கு எதிராக 1–0 முன்னிலை. வீணான நேரத்துக்கு ஈடாகத் தந்த நிமிடங்களும் தீரும் தறுவாயில் வில்டோர் சமன் செய்தார். 103ஆவது நிமிடத்தில் ட்ரெஸகேயின் கோல்டன் கோல். எல்லாம் முடிந்தது.

மறுநாள் பேசியவர் சில்வியோ பெர்லுஸ்கோனி. ஏசி மிலான் கிளப்பின் சொந்தக்காரர், முன்னாள் பிரதமர், அப்போது எதிர்க்கட்சித் தலைவர். ஜிடேனை இஷ்டத்துக்கு ஆட விட்டது தவறு, இது ஒரு கற்றுக்குட்டிக்கும் தெரியும் என்பது அவர் பேச்சின் சாரம். அதற்கு அடுத்த நாள் ஸோஃப் நிருபர்களைக் கூட்டி ராஜினாமாவை அறிவித்தார். ஆட்டத்தைப் பற்றி விவாதிக்கலாம், வேலை செய்தவனை இப்படி அவமதிக்கக் கூடாது, கண்ணியம் பற்றி அந்த மனிதரிடம் பாடம் கேட்க முடியாது என்றார். போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இறுதிப் போட்டிவரை கொண்டுவந்தவரை யார் கேட்பார்கள்?

ரோஷக்காரர், அவசரப்பட்டுவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1978இல் நான்கு கோலுக்கான பழியை வாங்கிக்கொண்டவர் இவர். தன்னைத் தாண்டிப் போன பந்துக்குத் தானே பொறுப்பு என்பது வாயிலோனின் தொழில் தர்மம். ஆனால் தவறைச் சுட்டுவது வேறு, ஆளை இழிவு செய்வது வேறு. அதிகாரத்தில் இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் பரிமாறுவார்கள். பதவி போய்விடுமே என்ற பயத்தில் நம்மில் பலரும் சேர்த்தே விழுங்கிவிடுகிறோம்.

2005இல் ஃபியோரென்டினா தத்தளித்தபோது மறுபடி கூப்பிட்டார்கள். பருவத்தின் கடைசி நாளில் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் காப்பாற்றிக் கொடுத்தார். அங்கும் அதற்கு மேல் அவரை வைத்துக்கொள்ளவில்லை. அதற்காக அவர் எந்த நிருபர் கூட்டத்தையும் கூட்டவில்லை. வேலை போவது வேறு, மரியாதை போவது வேறு. வாழ்நாள் முழுக்கக் கோட்டின் மேல் நின்றவருக்கு, கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.