நாளைக் காலைக்கு எவ்வளவு ரொக்கம்?

வில்லியனூர், பாகூர் பக்கத்து மளிகை வியாபாரி ஒருவரிடம் சொத்து எவ்வளவு என்று கேட்டால் தயங்காமல் கணக்குச் சொல்வார். கடையில் சரக்கு, ஊரில் நிலம், வீட்டில் நகை, வெளியில் நிற்கும் பாக்கி. நாளைக் காலைக்குள் குடும்பச் செலவுக்கு எவ்வளவு ரொக்கம் எடுக்க முடியும் என்று கேட்டால்தான் பதில் வராது. நாம் பேச வந்தது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி.

2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. மறுநாள் ஞாயிறு, வங்கி விடுமுறை. பல இடங்களில் மின்சாரம் இல்லை. செல்போன் அணைந்துவிட்டால் அதில் பணம் வாங்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அடுத்து, சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்தது. சர்க்கரை, மைதா மூட்டை நனைந்தால் என்ன விலை போகும் என்று வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாக்கிக்காரர் வீட்டிலும் தண்ணீர். போய்க் கேட்க மனம் வருமா? நிலத்தை அந்த வாரம் யார் வாங்குவார்? நகையை அடகு வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், அடகுக்கடை திறந்திருந்தால்.

அதற்காக எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அப்படிப் பூட்டி வைத்தவர்களும் வங்கி வாசலில் வரிசையில்தான் நின்றார்கள். ஒரே வங்கியை நம்பி இருப்பதும் சரியல்ல. கரூர் வணிகர்கள் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடை வந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மருத்துவம், படிப்பு, திருமணம் போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி பெற்றுக் கூடுதலாக எடுக்கலாம். பத்து நாளில் டி.பி.எஸ். வங்கியுடன் இணைந்து தடை நீங்கியது. டெபாசிட் பணம் பத்திரமாகவே இருந்தது. ஆனால் அந்தப் பத்து நாளில் கொள்முதலுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தவர் என்ன செய்திருப்பார்?

நம் அபிப்பிராயம் இதுதான். மூன்று மாத வீட்டுச் செலவைக் கணக்கிட்டு, கடைப் பணத்தோடு கலக்காமல் தனியே வையுங்கள். பத்து நாள் செலவுக்கு 50, 100 ரூபாய் நோட்டுகளாக வீட்டில், தண்ணீர் எட்டாத உயரத்தில். மீதி, கடைக் கணக்கு இல்லாத வேறொரு வங்கியின் சேமிப்புக் கணக்கில். அதற்கு மேல் டெபாசிட் போடுபவர்கள் ஐந்து லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் 50,000 வீதம் பத்து ரசீதாகப் போடலாம். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் முறித்தால் போதும், மற்ற ஒன்பதுக்கும் வட்டி குறையாது. ஏலச் சீட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவசரக்காரர் கூடுதலாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

"சும்மா கிடக்கிற பணத்தைச் சரக்கில் போட்டால் நாலு காசு பார்க்கலாமே" என்று இளைய வியாபாரிகள் கேட்கிறார்கள். அவர்கள் சரக்கில் போட்டால் எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கு லாபம்தான்! இருந்தும் சொல்கிறோம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்குப் போடும்போது இந்தத் தொகையில் கை வைக்காதீர்கள். 2011-ல் தானே புயல் வந்தது டிசம்பர் 30. ஃபெஞ்சல் நவம்பர் 30. இரண்டுமே அந்த இரு பண்டிகைகளுக்கும் நடுவில் வந்தவை.