கிடார் ஊமையானால் யாரிடம் போவது?

காஞ்சிபுரத்துக்கு அடுத்த கூரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் தறி ஓடுகிறது. பிள்ளைக்கோ நெசவில் நாட்டமில்லை, கிடாரில்தான் உயிர். சீட்டுப் பணத்தை எடுத்து மின்சாரக் கிடார் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். பையன் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து, கல்யாணக் கச்சேரிகளில் நாலு காசு சம்பாதிக்கவும் ஆரம்பித்துவிட்டான். போன மாதம் வாத்தியம் திடீரென்று ஊமையாகிவிட்டது. கடைக்காரர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காயில் போய்விட்டதம்மா, புதிசு வாங்கிவிடுங்கள்" என்றாராம். வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியாயிற்று. மாமனார் வேறு, "அப்போதே தறியில் உட்கார்ந்திருந்தால்..." என்று தொடங்கிவிட்டார். நல்ல ரிப்பேர்காரரை எங்கே தேடுவது என்று கேட்கிறார் சகோதரி.

கூரத்துக்காரர் இதைக் கேட்பது பொருத்தந்தான். ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்ம பல்லவன் அவ்வூர்க் கோயிலுக்கு விட்ட தானத்தைச் சொல்லும் கூரம் செப்பேட்டில், பூஜைக்கும் கோயிலைப் பழுது பார்ப்பதற்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்குத் தனியாக ஒரு பங்கு! அவன் மகன் ராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலிலோ சிவபெருமானே வீணையும் கையுமாகக் காட்சி தருகிறார். கிடாருக்கு மட்டும் பக்கத்தில் ஆள் அகப்படவில்லை என்றால், அது பல்லவர்கள் குற்றமல்ல.

அம்மா, மின்சாரக் கிடார் என்பது ஒரு வாத்தியமல்ல, இரண்டு. வெளியே மரமும் கம்பியும். உள்ளே இருப்பது ரேடியோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கம்பிகளுக்கு அடியில் காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றித் தலைமயிர் போன்ற செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். தார் சுற்றிப் பழகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே உருக்குக் கம்பி அதிர, கீழே சுருளில் இம்மியளவு மின்சாரம் பிறக்கிறது. அதைத்தான் ஆம்ப்ளிபையர் பெரிதாக்கித் தருகிறது. 1954-ல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' என்ற புகழ்பெற்ற கிடாரை வெளியிட்ட லியோ பெண்டர், அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள புல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது!

ஆகவே, சத்தமே வராமல் போனதற்கு வாத்திய நிபுணரைத் தேடிச் சென்னைக்கு ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. முதலில் வேறொரு ஒயரைச் செருகிப் பாருங்கள். ஊமைக் கிடார்களில் பாதி ஒயரின் குற்றந்தான் என்பது என் அபிப்பிராயம். பிறகு வேறொரு ஆம்ப்ளிபையர். ஒயர் செருகும் துவாரத்தை அசைத்தால் கரகரவென்கிறதா? உள்ளே பற்று விட்டிருக்கும். சத்தம் கூட்டும் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் தூசி. இவற்றையெல்லாம் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பழைய ரேடியோ, டெலிவிஷன் பார்க்கும் நிதானமான மெக்கானிக் ஒருவர் ஈயம் வைத்துச் சரிசெய்துவிடுவார்.

"காயில் போய்விட்டது" என்றால், மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். சாதாரணமாக ஆறு, ஏழு கிலோ ஓம் என்று காட்டும்; சிலவற்றில் இன்னும் அதிகமாகவும் இருக்கும். கணக்கே காட்டாவிட்டால்தான் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அப்போதும் சுருளை மட்டும் மாற்றலாம்; கிடாரையே மாற்ற வேண்டாம். மீட்டரைத் தொடாமல் தீர்ப்புச் சொல்கிறவர் ரிப்பேர்காரர் அல்லர், விற்பனைக்காரர்.

இன்னொன்று: கம்பியைத் தொட்டால் 'சுருக்'கென்று இழுக்கிறது என்று பையன் சொன்னால், அந்த நிமிஷமே நிறுத்தச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் கிடாரின் கோளாறல்ல, எர்த் இல்லாத மின் இணைப்பின் கோளாறு. கல்யாண மண்டபங்களில் மூன்றாவது ஊசியை ஒடித்துவிட்டுச் செருகுகிற கைங்கரியம் இன்றும் நடக்கிறது. 1972-ல் லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக் கிடார்க் கலைஞர், ஸ்வான்ஸீ நகரத்து மேடையில், எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்ட மாத்திரத்தில் உயிரிழந்தார். வயது 27.

மரமும் மெட்டும் சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் விஷயம் வேறு. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ பாரத்துக்குக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. மழைக்கும் வெயிலுக்கும் கழுத்து வளையும். மெட்டுகள் தேயும்; சுருதி சேராது. நம் வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்திருப்பார்கள். மெழுகு இளகினால் கைதேர்ந்தவர் ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு மறுபடி நிறுத்துவார். கிடாரில் மெட்டு மரத்திலேயே அழுந்தியிருக்கிறது. அரத்தால் ராவியது ராவியதுதான். இதற்கு மெக்கானிக் உதவமாட்டார். காது வேண்டும்.

அப்படிப்பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரத்தைப் பார்த்தல்ல, கச்சேரிக்காரர்களைக் கேட்டு. சென்னை அண்ணா சாலையில் 1842-ல் மிஸ்குவித் என்ற பெயரில் பிறந்த மியூஸி மியூசிகல் போன்ற பழைய வாத்தியக் கடைகளில் விசாரிக்கலாம். விற்பவரைவிட, அங்கே கம்பி வாங்க வந்து நிற்கும் வாத்தியக்காரர்களிடம், "உங்கள் கிடாரை யாரிடம் கொடுப்பீர்கள்?" என்று கேட்பது மேல். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போங்கள்.

போனதும் கவனியுங்கள். திருப்புளியை எடுக்குமுன் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாரா? எந்தக் கனத்தில் கம்பி கட்டுகிறாய் என்று பையனை விசாரிக்கிறாரா? நடுவிலுள்ள பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி ஒரு தரம், லேசாகத் தொட்டு ஒரு தரம் மீட்டி, இரண்டு சுருதியும் ஒன்றா என்று பார்க்கிறாரா? இப்படிச் செய்பவரிடம் தைரியமாக ஒப்படைக்கலாம். கூலியை முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் அடுத்த தடவை அங்கே போக வேண்டாம்.

மாமனாருக்கு ஒரு சமாதானம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து கம்பி மின்சார மாண்டலினோடு மேடையேறியபோதும், இதில் கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 1998-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

முதல் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே வாத்தியம் வீட்டுக்கு வந்துவிடட்டும். ஒரு நாள் முழுக்கக் குழுவோடு வாசித்துப் பார்க்கட்டும். பஸ்ஸில் கொண்டுவரும்போது எஞ்சின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அந்தச் சூடு கழுத்துக்கு ஆகாது.