மலிவு விமானங்களின் சச்சரவு

ஒரு சந்தையில் இரண்டு கடைகள் இருந்தால் அவற்றிடையே சச்சரவும் இருக்கும். கடைக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதுவதைக் கண்டு வாங்குகிறவர் வருந்த வேண்டியதில்லை. பெரும்பாலும் அதனால் அவருக்கு விலை குறையும். ஆனால் மூன்றாவது கடை திறக்கப்படாமல் தடுப்பதற்காகவே அச்சண்டை நடைபெறுமாயின், வாங்குகிறவர் விழித்துக்கொள்ள வேண்டும். நமது நாட்டின் மலிவுக் கட்டண விமானக் கம்பெனிகளிடையே கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுந்துள்ள தகராறுகளை ஆராய்வோர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும்.

தறியையும் ஏரையும் பற்றிப் பேசும் ஏட்டில் விமானத்துக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும், வளைகுடா நாடுகளில் உழைக்கும் மகனும், டெல்லிக் கண்காட்சிக்குச் சேலைகளுடன் புறப்படும் நெசவாளரும் இன்று விமானம் ஏறுகிறார்கள். அதற்கும் மேலாக, விலைப்போட்டியின் இயல்பு நூல் கடையிலும் விமான நிலையத்திலும் ஒன்றே. ஓரிடத்தில் அதைத் தெளிவாகக் கண்டவர் மற்றோரிடத்தில் ஏமாறமாட்டார்.

1953ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நம் நாட்டு விமானப் போக்குவரத்து சர்க்கார் வசமாயிற்று. 1994இல் அச்சட்டம் நீக்கப்பட்டபின் தனியார் கம்பெனிகளுக்கு வழி திறந்தது. ஆனால் பயணக் கட்டணம் மட்டும் சாதாரண மக்களுக்கு எட்டாததாகவே இருந்து வந்தது. 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் தன் சேவையைத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. அதை நிறுவிய கோபிநாத் இராணுவத்தில் கேப்டனாகப் பணியாற்றியவர். பின்னர் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் நிலம் திருத்திப் பட்டுப்புழு வளர்த்த விவசாயி. 2020இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ என்னும் தமிழ்த் திரைப்படம் அவரது வாழ்க்கையைத் தழுவியதாகையால் நம்மவர் பலர் அவரை அறிவர். இலவச உணவு இல்லை, இருக்கைகள் நெருக்கம், பிற செலவுகள் யாவும் குறைப்பு. இம்முறையால் கட்டணம் இறங்கியது. சில இருக்கைகள் ஒரு ரூபாய்க்கும் விற்கப்பட்டன.

வழி தெரிந்ததும் பலர் வந்தனர். 2005 மே மாதத்தில் ஸ்பைஸ்ஜெட், அதே ஆண்டு நவம்பரில் கோ ஏர், 2006 ஆகஸ்டில் இண்டிகோ ஆகியவை பறக்கத் தொடங்கின. உயர்தரச் சேவை என்ற விளம்பரத்துடன் கிங்ஃபிஷரும் 2005இல் களத்தில் இறங்கியது. கட்டணங்கள் அடக்க விலைக்கும் கீழே சென்றன. பயணிகள் மகிழ்ந்தனர், கம்பெனிகளின் ஏடுகளில் நட்டம் ஏறியது.

நிற்க. சச்சரவின் வேர் 2004ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய சர்க்கார் வகுத்த ஒரு விதியில் இருக்கிறது. ஒரு கம்பெனி வெளிநாடு செல்ல வேண்டுமானால், அது உள்நாட்டில் ஐந்து ஆண்டுகள் பறந்திருக்க வேண்டும். இருபது விமானங்களும் வைத்திருக்க வேண்டும். இதுவே ‘ஐந்து-இருபது விதி’ எனப்பட்டது. பழைய கம்பெனியான ஜெட் ஏர்வேஸ் உடனே வெளிநாடு செல்ல இவ்விதி இடம் கொடுத்தது. அப்போதுதான் முளைத்த ஏர் டெக்கானும், அதன்பின் வந்தவையும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விதிகள் மனிதரை என்ன செய்யத் தூண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை. கிங்ஃபிஷருக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. ஏர் டெக்கானோ 2003இல் பிறந்தது. 2007இல் கிங்ஃபிஷரின் உரிமையாளர்கள் ஏர் டெக்கானில் 26 சதவிகிதப் பங்கை வாங்கினர். 2008இல் இரு கம்பெனிகளும் இணைந்தபோது, பெரிய பெயருடைய கிங்ஃபிஷர் சட்டப்படி டெக்கான் கம்பெனிக்குள் இணைந்து, பின்னர் அக்கம்பெனிக்கே கிங்ஃபிஷர் என்று பெயர் சூட்டப்பட்டது. 2008 செப்டம்பரில் கிங்ஃபிஷர் விமானம் லண்டன் சென்றது. பயணிக்கு யாதொரு நன்மையும் தராத ‘வயது’ என்பது, அவ்விதியினால் விலைக்கு வாங்கத்தக்க சரக்காகிவிட்டது! மலிவுக் கட்டணத்தின் முன்னோடி இவ்வாறு தன் போட்டியாளரின் வயிற்றுக்குள் மறைந்தது.

ஏனையோர் காத்திருந்தனர். ஸ்பைஸ்ஜெட் 2010 அக்டோபரிலும், இண்டிகோ 2011 செப்டம்பரிலும் வெளிநாடு செல்லத் தொடங்கின. 2012இல், உள்நாட்டு விமானக் கம்பெனிகளில் அயல்நாட்டு விமானக் கம்பெனிகள் 49 சதவிகிதம் வரை முதலிடலாம் என்று சர்க்கார் அனுமதித்தது. அதன்மேல் மலேசியாவின் ஏர் ஏசியா, டாட்டா நிறுவனத்துடன் கூடி இங்கே ஒரு மலிவுக் கம்பெனியை அமைக்க முன்வந்தது. உடனே, ஜெட் ஏர்வேஸ், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட், கோ ஏர் ஆகிய நால்வரும் அங்கம் வகித்த இந்திய விமானக் கம்பெனிகள் சம்மேளனம் எதிர்ப்புத் தெரிவித்து டெல்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. அயல்நாட்டு முதலீடு ஏற்கெனவே உள்ள கம்பெனிகளுக்கே உரியது, புதிய கம்பெனி தொடங்குவதற்கு அன்று என்பது அதன் வாதம். ஆயினும் 2014 ஜூன் 12ஆம் தேதி பெங்களூரிலிருந்து கோவாவுக்குப் புதிய கம்பெனியின் முதல் விமானம் பறந்தது.

பின்னர் ஐந்து-இருபது விதியை நீக்கலாமா என்ற வினா எழுந்தபோது, நீக்கக் கூடாது என்று வலியுறுத்தியவர்களும் இச்சம்மேளனத்தாரே. அவர்கள் கட்சியிலும் நியாயம் சிறிது உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. “நாங்கள் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தோம், வருமானம் குறைந்த தொலைவிடங்களுக்கும் சர்க்கார் விதிப்படி விமானம் விட்டோம், நேற்று வந்தவர் அச்சுமையைத் தாங்காமல் இலாபமுள்ள வெளிநாட்டு வழிகளுக்குச் செல்வது முறையா?” என்பது அவர்கள் கேள்வி. எதிர்க்கட்சியினரோ, உலகில் வேறெங்கும் காணாத இவ்விதி பழையவர்களைக் காக்கும் வேலியே என்றனர். டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் ரத்தன் டாட்டாவே 2016இல் இதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அவரும் இவ்வழக்கில் ஒரு கட்சிக்காரரே என்பதை வாசகர் மறத்தலாகாது. 2016 ஜூனில் சர்க்கார் ஐந்தாண்டு நிபந்தனையை நீக்கியது. இருபது விமானங்கள் அல்லது மொத்தத் திறனில் 20 சதவிகிதம், இவற்றில் எது அதிகமோ அதை உள்நாட்டுச் சேவையில் ஈடுபடுத்த வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டது.

இது சரியான முடிவு என்பதே நமது கருத்து. தொலைவிடங்களுக்குச் சேவை வேண்டுமானால் அச்சுமையை எல்லோர் மீதும் சமமாகச் சுமத்தலாம். புதிய ஏற்பாட்டின் நோக்கமும் ஏறத்தாழ அதுவே. ‘நான் பட்ட துன்பத்தை நீயும் பட வேண்டும்’ என்பது மாமியார் நியாயம். அது வியாபார நீதியாகாது. திறந்த கதவின் வழியாக உள்ளே வந்தவர், வந்ததும் தாழிடக் கூடாது.

இதனால் போட்டியில் என்ன செய்தாலும் தகும் என்று நாம் கூறுவதாகக் கொள்ள வேண்டாம். அடக்க விலைக்குக் கீழே விற்பவரைக் கண்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த நட்டத்தைத் தாங்குகிறவர் யார்? சங்கத்தின் கதவை மூடச் செய்வதற்காகச் சில மாதங்கள் நூலைக் குறைந்த விலைக்குத் தரும் வியாபாரியைப் பற்றி நம் நெசவாளர்க்கு விளக்க வேண்டியதில்லை. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் நின்றது. ஸ்டேட் வங்கி முதலிய 17 வங்கிகளுக்கு வட்டியுடன் ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய் பாக்கி நின்றது. மலிவாகப் பறந்தவரின் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பறக்காதவரின் சேமிப்புத் தாங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதன்பின் 2019 ஏப்ரல் 17இல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. கோ ஏர் ‘கோ ஃபர்ஸ்ட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு 2023 மே மாதத்தில் திவால் மனுச் செய்தது. 2025 ஜனவரியில் அதைக் கலைக்க உத்தரவாயிற்று. இவையாவும் போட்டியாளரின் சூழ்ச்சியால் வீழ்ந்தன என்று சொல்வது பொருந்தாது. கடன், எரிபொருள் விலை, கோ ஃபர்ஸ்ட் விஷயத்தில் இயந்திரக் கோளாறு எனக் காரணங்கள் பல. இண்டிகோவின் வளர்ச்சியும் வெறும் அதிர்ஷ்டம் அன்று. 2005இலேயே ஒரே வகையில் நூறு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துச் செலவைக் கட்டுப்படுத்திய திறமைக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். ஆனால் காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. 2025இல் உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் இண்டிகோவிலேயே சென்றனர்.

அதன் பொருள் என்ன என்பது 2025 டிசம்பரில் தெரிந்தது. விமானிகளின் ஓய்வு நேரத்தை வாரத்துக்கு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவில் இறங்கும் தடவைகளைக் குறைத்தும் வகுக்கப்பட்ட விதிகளுக்கு ஏற்ப இண்டிகோ ஆயத்தம் செய்துகொள்ளவில்லை. சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஏனைய கம்பெனிகளில் இடம் போதவில்லை. கட்டணம் பன்மடங்கு ஏறியது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், மிகத் தொலைவுக்கு 18,000 ரூபாய் என்று சர்க்கார் உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. விமானிகளின் ஓய்வு விதியிலும் இண்டிகோவுக்குத் தற்காலிகத் தளர்வு அளிக்கப்பட்டது. விதியை மீறினால் மூடிவிடுவோம் என்று எவரிடம் சொல்ல முடியாதோ, அவரே சந்தையின் அதிபதி.

ஆகவே, இக்கம்பெனிகள் ஒன்றன்மேல் ஒன்று புகார் கூறி வரும்போது, நீதிமன்றமும் சர்க்காரும் மட்டுமன்றிப் பொதுமக்களும் ஓர் அளவுகோலைக் கையில் வைத்திருக்க வேண்டும். கேட்கும் பரிகாரம் கிடைத்தால் சந்தையில் ஒரு கடை கூடுமா, குறையுமா? கூடுமானால் புகார்தாரரின் நோக்கம் சுயநலமாயினும் ஆதரிக்கலாம். குறையுமானால், அவர் பொதுநலம் என்று எத்தனை முறை சொன்னாலும் கணக்கைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி விழும்போது விமான நிலையங்களில் அதற்குரியதாயிருந்த புறப்பாட்டு நேரங்கள் காலியாகின்றன. ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அவை இருந்தவர்களுக்கே தற்காலிகமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. பயணிகளின் அவசரத்தைக் கருதி அது தவறன்று. ஆனால் நிரந்தரமாகப் பகிர்வதில் புதியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் முதலிடம் தரப்பட வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

மலிவு என்பது எந்த வியாபாரியும் மனமுவந்து அளிக்கும் தருமம் அன்று. அடுத்த கடை திறந்திருக்கும்வரை நமக்குக் கிடைக்கும் பலன் அது. ஆகையால் இன்றைய விலைப்பலகையைப் பார்க்கும் அங்கத்தினர்கள், அடுத்த கடையின் கதவையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்களாக.